ரோஸ்மேரி: போத்தலை விட்டுச் செடிக்கு வருவோம்

ஹட்டன், பண்டாரவளைக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் இப்போது ரோஸ்மேரி எண்ணெய்க்குத் தனி இடம் கிடைத்திருக்கிறது. முடி கொட்டுவது நிற்கும், வழுக்கையில் முளைக்கும், படிப்பது மனதில் நிற்கும் என்று யூடியூபில் பேசாத ஆளில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு முழு நாள் பேருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து விரல் நீளப் போத்தல் ஒன்றை வாங்கிப் போகிறார்கள். அதே தோட்டத்துப் பங்களாவின் படிக்கட்டோரத்தில் அந்தச் செடி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, யாரும் கிள்ளாமல் நிற்பதும் உண்டு. செடியின் இயல்பைத் தெரிந்துகொண்டால் போத்தலைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். சமையலில் அதை எப்படிக் கையாள்வது, மருந்தாக எவ்வளவு தூரம் நம்பலாம், மலையகத்தில் எந்தப் பக்கம் அது தழைக்கும் என்பதற்கெல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் விடை வருகிறது: அது வறட்சியில் பிழைக்கப் பழகிய செடி.

ரோஸ்மேரி நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. புதினா, கற்பூரவள்ளி, தும்பை எல்லாம் அதன் பங்காளிகள். 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ரோஸ்மாரினஸ் ஒஃபிசினாலிஸ் என்று பெயர் வைத்தார். பூந்தோட்டங்களில் சிவப்பாகப் பூக்கும் சல்வியாவுக்கு அது மிக நெருக்கம் என்று மரபணு ஆய்வுகள் காட்டியதால், 2017 முதல் தாவரவியலாளர்கள் சல்வியா ரோஸ்மாரினஸ் என்று எழுதுகிறார்கள். பழைய பெயரும் புழக்கத்தில் இருப்பதால், போத்தலில் எந்தப் பெயர் இருந்தாலும் இரண்டும் ஒன்றே. அதன் தாயகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, மொரோக்கோ, துனீசியா. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கும். மண் சுண்ணாம்புப் பாறையும் சரளையும் கலந்தது.

ஒரு கிளையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலை ஊசிபோல ஒடுங்கியிருக்கும். மேற்பக்கம் கரும்பச்சையாகத் தோல்போல் தடித்திருக்கும். விளிம்பு இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளை மயிர் அடர்ந்து சாம்பல் பூசியதாகத் தெரியும். இலைக்குள் இருக்கும் நீர் ஆவியாகாமல் காக்கத்தான் இத்தனை ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகளில் வாசனை எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கிறது; மேய வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் அது தடை. இலையின் உள்ளே கார்னோசிக் அமிலம் என்ற பொருள், கடும் வெயிலில் பச்சையத்தைச் சிதைய விடாமல் பாதுகாக்கிறது. நாம் வாசனை என்றும் மருந்து என்றும் எடுத்துக்கொள்வது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்த பொருட்களைத்தான்.

ஊவாப் பக்கத்தவர்களுக்கு இது புதிய விசயமில்லை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடித்துக் கொழுந்து வாடி, பறிக்கும் இறாத்தல் குறையும் அந்தக் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தரும் வாசம் ஏறுகிறது. நீரும் உரமும் தாராளமாகக் கிடைத்த ரோஸ்மேரியும் கொழுகொழுவென்று வளரும், ஆனால் கசக்கினால் வாசம் சப்பென்றிருக்கும்.

அந்த வாசத்தைப் பிரித்துப் பார்த்தால் மலையகத்தாருக்குத் தெரிந்த மூன்று வாசங்கள் அதில் இருக்கின்றன. முதலாவது சினியோல். தோட்டங்களில் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் வளர்த்த யூகலிப்டஸ் மரத்தின் தைலத்தில் முக்கியப் பொருள் அதுதான். இரண்டாவது கற்பூரம், கோவிலில் ஏற்றும் சூடத்தின் அதே பொருள். மூன்றாவது பைனீன், பைன் காட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசம். இந்த மூன்றின் அளவு எல்லா ரோஸ்மேரியிலும் ஒன்றாக இராது. மொரோக்கோ, துனீசியா எண்ணெயில் சினியோல் ஓங்கியிருக்கும். ஸ்பெயின் எண்ணெயில் கற்பூரம் கூடியிருக்கும். கோர்சிகாத் தீவின் வகையில் வெர்பினோன் என்ற வேறொரு பொருள் மிகுதி. கடைப் போத்தல்களில் இந்த விபரம் பெரும்பாலும் இருக்காது. யூகலிப்டஸ் எண்ணெயையும் கற்பூர எண்ணெயையும் கலந்து ரோஸ்மேரி என்று விற்பதும் வாசனை எண்ணெய் வியாபாரத்தில் பழைய கதை. கலந்த பொருட்கள் அசலிலும் இருப்பவைதான் என்பதால் மூக்கால் மட்டும் அதைப் பிடித்துவிட முடியாது.

வரலாற்றில் இந்தச் செடி முதலில் மருந்தாகவும் புகையாகவும் நின்றது. சமையலுக்குள் வந்தது பிறகு. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதை எழுதி வைத்தார். ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவிய காலங்களில், நாம் சாம்பிராணி போடுவதைப் போல, அறைகளில் ரோஸ்மேரியை எரித்தார்கள். மதுசாரத்தில் அதை வடித்து எடுத்த ‘ஹங்கேரி நீர்’ ஐரோப்பாவின் பழைய வாசனைத் திரவியங்களில் ஒன்று. இறந்தவரின் நினைவாக ரோஸ்மேரிக் கிளை வைக்கும் வழக்கமும் அங்கே நெடுங்காலமாக உண்டு. அவுஸ்திரேலியர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25இல் சட்டையில் ஒரு கிளையைக் குத்திக்கொள்கிறார்கள். 1915இல் அவர்களது படை இறங்கிய துருக்கியின் கலிப்பொலி மேடுகளில் ரோஸ்மேரி காடாக வளர்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் கரையில் நம் மலைகளின் துரைமாரும் இருந்தார்கள்: சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் என்ற தோட்டத் துரைமாரின் படைப்பிரிவு 1914இல் கப்பலேறி எகிப்து போய், அங்கிருந்து கலிப்பொலிக்குச் சென்றது.

யூனானி மருத்துவத்துக்கு ரோஸ்மேரி தெரியும். நம் சித்த மருத்துவம் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட மூலிகை அதுவல்ல. ‘சித்தர்கள் சொன்ன ரகசிய ரோஸ்மேரித் தைலம்’ என்று யாராவது விற்றால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சமையலுக்கு வருவோம். எனக்கு இந்தச் செடியின் மேல் இருக்கும் பற்று முழுக்கச் சமையலால் வந்தது. கொத்தமல்லித் தழையை அடுப்பை அணைத்த பிறகு தூவுகிறோம். முதலிலேயே போட்டால் வாசம் ஆவியாகிவிடும். ரோஸ்மேரி நேரெதிர். தடித்த இலை எண்ணெயை மெதுவாகத்தான் விடும், நீண்ட சூட்டையும் தாங்கும். அதனால் அது முதலிலேயே சட்டிக்குள் போக வேண்டும். அதன் வாசனைப் பொருட்களும் கார்னோசிக் அமிலமும் கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் வேகவைத்தால் அவை பெரிதாக இறங்காது. தேங்காயெண்ணெயோ நெய்யோ மெல்லச் சூடாகும்போது இலையைப் போட்டால் வாசம் முழுக்க எண்ணெய்க்குள் வந்துவிடும். கறிவேப்பிலையைத் தாளிப்பவர்களுக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், கறிவேப்பிலையைச் சுடுஎண்ணெயில் வெடிக்க விடுகிறோம், ரோஸ்மேரியை ஆறிய எண்ணெயில் போட்டுச் சேர்ந்து சூடாக விட வேண்டும்.

வெலிமடை உருளைக்கிழங்கு அரைக் கிலோ எடுத்துத் தோலோடு நாலாக நறுக்கி உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுப் பானையை மூடி ஒரு குலுக்குக் குலுக்கினால் கிழங்கின் ஓரம் கரகரப்பாகும். பிறகு மொறுமொறுப்பாவது அந்த ஓரம்தான். விரல் நீளக் கிளை ஒன்றை நுனியில் பிடித்து, மற்றக் கையால் அடிநோக்கி உருவினால் இலை மொத்தமாக உதிர்ந்துவிடும். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, நசுக்கிய வெள்ளைப்பூட்டுப் பல் நாலையும் இலையையும் போட்டு, விறகை இழுத்துச் சிறு தீயில் வையுங்கள். இலையைச் சுற்றிச் சிறு குமிழிகள் வரும். பூடு பொன்னிறமானதும் இரண்டையும் அரித்தெடுத்துத் தட்டில் வைத்துவிட்டுக் கிழங்கைப் போட்டுப் புரட்டாமல் ஒரு பக்கம் சிவக்க விடுங்கள். இறக்கும்போது அரித்தெடுத்த இலையைக் கையால் நொறுக்கி, இடித்த மிளகும் அரைத் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துப் பிரட்டினால் முடிந்தது. இலையைக் கருக விட்டால் மட்டும் கசப்பு ஏறிவிடும்.

ஆட்டிறைச்சி, கோழி, பூசணி, காளான், பாண் எல்லாம் இதற்குப் பொருந்தும். தேங்காய் ரொட்டி மாவில் ஒரு சிட்டிகை பொடியாக நறுக்கிப் போட்டாலும் நன்றாக இருக்கும், கட்டச்சம்பலோடு சாப்பிடும்போது காரத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி வரும். தேங்காய்ப்பால் கறியில் மட்டும் போட வேண்டாம். ரம்பையும் கறிவேப்பிலையும் இருக்கிற சட்டியில் ரோஸ்மேரியின் கற்பூர நெடி துருத்திக்கொண்டு நிற்கும். காய்ந்த இலை என்றால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு போதும்.

இறைச்சியோடு ரோஸ்மேரி சேர்வதற்கு ருசியைத் தாண்டிய காரணமும் உண்டு. இறைச்சியைக் கடுந்தீயில் சுடும்போது ஹெட்டரோசைக்ளிக் அமைன் என்ற கூட்டத்தைச் சேர்ந்த, புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பொருட்கள் உருவாகின்றன. ரோஸ்மேரிச் சாறு சேர்த்தால் அவை குறைகின்றன என்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. எண்ணெயும் இறைச்சியும் ஊசிப்போகாமல் காக்கும் வேலையையும் அதே கார்னோசிக் அமிலம் செய்கிறது. ஒரு முறை வேலை செய்த பிறகு அது கார்னோசோலாக மாறி, மறுபடியும் அதே காவலைத் தொடர்வது அதன் சிறப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ரோஸ்மேரிச் சாற்றை ஈ392 என்ற எண்ணோடு உணவுப் பாதுகாப்புப் பொருளாக அனுமதித்தது. இறக்குமதியான சொசேஜ், சிப்ஸ் பைகளின் பின்பக்கத்தில் அந்த எண்ணைக் கண்டால் பயப்பட எதுவுமில்லை.

மருந்துப் பக்கம் வந்தால் நிதானம் தேவை. ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் நீண்டகாலப் பாவனையின் அடிப்படையில் இரண்டு உபயோகங்களை ஏற்றுக்கொள்கிறது. இலையைக் கொதிநீரில் ஊறவைத்த குடிநீர், செரிமானக் கோளாறுக்கும் வயிற்றுச் சிறு பிடிப்புகளுக்கும். எண்ணெய், வெளிப்பூச்சாகவும் குளிநீரிலும் தசை, மூட்டுச் சிறு வலிகளுக்கு. ஒரு கோப்பைக் கொதிநீருக்கு 1 முதல் 2 கிராம் காய்ந்த இலை போதும். தண்ணீரில் இறங்குவது முக்கியமாக ரோஸ்மாரினிக் அமிலம். 1958இல் இரண்டு இத்தாலிய வேதியியலாளர்கள் இந்தச் செடியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ஆனால் துளசியிலும் புதினாவிலும் கற்பூரவள்ளியிலும்கூட அது இருக்கிறது. தடிமனுக்கு இஞ்சி கொத்தமல்லி அவித்துக் குடிப்பவர்களும், இருமலுக்குக் கற்பூரவள்ளி பிழிந்து கொடுப்பவர்களும் அதை விட்டுவிட்டு ரோஸ்மேரிக்கு மாற ஒரு காரணமும் இல்லை.

சாயத்தண்ணியில் ஒரு கிளையைப் போட்டுக் குடிப்பது நல்ல ருசி. அதில் ஒரு விசயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தேயிலையைப் போலவே ரோஸ்மேரியின் பொருட்களும், கீரை பருப்பிலிருந்து உடல் இரும்புச்சத்தை எடுப்பதைக் குறைக்கின்றன. 2001இல் வெளியான ஆய்வொன்று இளம் பெண்களிடம் இதை அளந்து காட்டியது. தேயிலையளவுக்கு இல்லாவிட்டாலும் குறைவு இருந்தது. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு பரவலானது என்பது கிளினிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கொழுந்துக்குப் போகும் அவசரத்தில் ரொட்டியோடு சேர்த்தே தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் ஏற்கெனவே பாதகம் செய்கிறது. சாப்பாட்டுக்கும் சாயத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விட முடிந்தால் விடுங்கள், ரோஸ்மேரி போட்டாலும் போடாவிட்டாலும்.

ஞாபகசக்தி பற்றிய பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பேசப்படும் அளவுக்கு இல்லை. இங்கிலாந்தின் நோர்த்தம்பிரியா பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 144 பேர் பங்கேற்றார்கள். ரோஸ்மேரி வாசம் பரப்பிய அறையில் இருந்தவர்களின் ஞாபகத்தின் தரம் கூடியது, நினைவுபடுத்தும் வேகம் குறைந்தது. 2012இல் சராசரி 75 வயதுள்ள 28 பேருக்கு இலைத்தூள் கொடுத்துப் பார்த்தார்கள். சமையலில் சேர்க்கும் அளவான 750 மில்லிகிராம் வேகத்தைக் கூட்டியது. 6000 மில்லிகிராம் அதைக் கெடுத்தது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை இரண்டு மடங்கு குடிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கு இந்த முடிவு ஒன்றே போதும்.

முடி விசயத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது 2015இல் ஈரானில் நடந்த ஒரே ஆய்வைத்தான். பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மறு பாதிக்கு முடி வளரப் பூசும் 2 சதவீத மினொக்சிடில் மருந்தும் 6 மாதம் கொடுத்தார்கள். 3 மாதத்தில் இரண்டு பக்கமும் குறிப்பிடும்படி மாற்றமில்லை. 6 மாத முடிவில் இரண்டிலும் முடி எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரிக் கூடியிருந்தது. ஒன்றும் பூசாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை. பிள்ளை பெற்ற பின் கொட்டும் முடியையோ, இரத்தச்சோகையால் கொட்டும் முடியையோ அது ஆராயவில்லை. நரை பற்றி அதில் எதுவும் கிடையாது. காரணம் இரும்புக் குறைபாடாக இருந்தால் தலையில் எதைப் பூசியும் பலனில்லை. இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. பூசிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் 6 துளிக்கு மேல் வேண்டாம், அதையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு நாள் சோதியுங்கள். வீட்டில் இலையை அவித்து வடித்த தண்ணீர் இந்த எண்ணெய்க்கு ஈடாகாது. சில நாட்களில் பூஞ்சணமும் பிடிக்கும்.

வாசனை எண்ணெயை வாயில் விடவே கூடாது. வலிப்பு உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும், காரணம் அதிலுள்ள கற்பூரம். கைக்குழந்தையின் மூக்கருகே, நெஞ்சில் பூசுவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்குச் சமையலில் சேரும் அளவு பரவாயில்லை, இலைக் குடிநீரும் எண்ணெயும் வேண்டாம். பித்தப்பைக் கல், ஈரல் நோய் இருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் குடிநீராகத் தொடங்க வேண்டாம்.

இனி வளர்ப்பு. மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழையில் அது இரண்டு நாடு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 4000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் விடாது. அங்கே திறந்த வெளியில் ரோஸ்மேரி வைத்தால் வேர் அழுகும். கூரைத் தாழ்வாரத்தின் கீழே, வெயில் படும் பக்கமாகச் சட்டியில்தான் வளர்க்க வேண்டும். மலைத்தொடருக்கு அப்பால் வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹாலிஎல பக்கம் அதே மாதங்கள் காற்றும் வெயிலுமாகக் காயும். அது இந்தச் செடியின் தாயகத்துக் கோடைக்கு நெருங்கிய காலநிலை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் விழுந்து தேயிலையையும் உருளைக்கிழங்கையும் கருக்கும் உறைபனியை ரோஸ்மேரி தாங்கிவிடும். குளிரைவிட ஈரம்தான் அதற்கு எதிரி.

மண்ணும் ஒரு சிக்கல். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் சுண்ணாம்புப் பாறையில் பிறந்த செடிக்குப் பிடிக்காது. கவ்வாத்து முடிந்த மலைக்குப் போடும் டொலமைட் சுண்ணாம்புத்தூள் ஒரு கைப்பிடியை, மணல் கலந்த மண்ணில் கிளறி விட்டால் புளிப்பு தணியும். மேட்டுப் பாத்தி போட்டு, பக்கத்தில் சிறு கான் வெட்டித் தண்ணீர் வழிய விடுங்கள். விதை முளைக்கச் சுணங்கும், பாதிக்கு மேல் முளைக்கவே முளைக்காது. முற்றாத கிளையில் ஆறு அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு மணலில் நட்டால் ஒன்றரை மாதத்துக்குள் வேர் விடும். தேயிலைக் கன்றுக்குச் செய்வதுபோலப் பொலித்தீன் போட்டு மூடி வைத்தால் அழுகிவிடும்.

கவ்வாத்துக்குப் பழகிய கைக்கு ஓர் எச்சரிக்கை. தேயிலையை வெறும் கட்டையாக வெட்டினாலும் அது பக்கமெல்லாம் துளிர்க்கும். ரோஸ்மேரி அப்படியில்லை, இலையில்லாத பழைய மரப்பகுதிவரை வெட்டினால் அந்தக் கிளை செத்துவிடும். பச்சை இருக்கும் நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுக்க வேண்டும். பூத்து ஓய்ந்ததும் வெட்டினால் செடி புதராகக் கட்டுக்கோப்பாக வரும்.

1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் உறவுகள் பலர் குடியேறிய நீலகிரியில் ரோஸ்மேரி காசுப் பயிராகவே நிற்கிறது. ஊட்டியில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் அதற்கென ஒரு ரகத்தையும் வெளியிட்டது. இங்கே காணியில்லாத மக்களுக்கு, 7 பேர்ச் துண்டில் வீடு கட்டியதுபோக மிஞ்சும் ஓரத்தில் எண்ணெய் வடிக்கும் அளவுக்குச் செடி வைக்க முடியாது. ஐரோப்பிய மருந்து நூலின் தரப்படி ஒரு கிலோ காய்ந்த இலையில் இருக்க வேண்டிய எண்ணெயே 12 மில்லிலீற்றர்தான். பச்சைக் கிளையாக விற்பதுதான் நம் கைக்கு எட்டும் வழி. எல்ல, நுவரெலியா, பண்டாரவளை ஹோட்டல் குசினிகளுக்குக் கட்டுக் கட்டாக வேண்டியிருக்கிறது. நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே அளவில், ஒரே கிழமையில் கொடுக்க முடிந்தால் வாங்குகிறவரிடம் விலை பேச முடியும்.

விற்றது போக மிஞ்சுவதைக் காய வைக்கும்போது வெயிலில் பரப்ப வேண்டாம், வாசம் போய்விடும். அடுப்புக்கு மேலே கட்டினால் விறகுப் புகை ஏறும். காற்றோட்டமுள்ள நிழலில் சிறு கட்டுகளாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மழைக்காலமானால் கூடுதலாக ஒரு கிழமை விட்டு, இலை விரலுக்கிடையில் மளுக்கென்று ஒடிந்த பிறகுதான் உருவி டின்னில் அடைக்க வேண்டும்.